ஏலக்காய் ஏற்றுமதி கற்றுத் தருகிறவரை எதை வைத்து நம்புவது?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர், 18 மே 2025

அண்ணே, எனக்கு 26 வயது. அப்பாவுக்கு வண்டன்மேட்டில் ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. காயை ஏலத்தில் போடாமல் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று இணையத்தில் ஒருவர் கற்றுத் தருகிறார். அவரை நான்கு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். மூன்று நாள் வகுப்புக்கு 1,999 ரூபாய், அதற்குப் பிறகு ஆறு மாத வழிகாட்டலுக்கு 65,000 ரூபாய் கேட்கிறார். அப்பா வேண்டாம் என்கிறார். இத்தனை பேர் பின்தொடரும் ஒருவர் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வாரா? நீங்கள் குமுளியில் மலைச்சரக்கு வியாபாரம் செய்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

18 மே, இரவு

சொல்வார். எனக்குச் சொன்னார்கள், நான் பணமும் கட்டினேன். அந்தக் கதையை நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை 65,000 ரூபாயை அனுப்ப வேண்டாம். இன்று இரவோடு சலுகை முடிகிறது என்று அவர்கள் சொன்னாலும் அனுப்ப வேண்டாம்.

19 மே

2021-இல் நடந்தது. ஊரடங்கால் எல்லைச் சோதனைச்சாவடியில் கெடுபிடி இருந்தது, கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு வரும் ஜீப்புகள் குறைந்திருந்தன, கடையில் வேலை இல்லை. அந்த நாட்களில்தான் ஏற்றுமதி கற்றுத் தரும் ஒருவரின் இலவச நேரலையைப் பார்த்தேன். அவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை.

கடையின் பின்கட்டில் சல்லடையில் காய் தரம் பிரித்துக்கொண்டே, போனைச் சாக்கு மூட்டையின் மேல் சாய்த்து வைத்துக் கேட்டேன். மனிதர் நன்றாகப் பேசினார். துபாய், ரியாத், குவைத் என்று விரலில் எண்ணினார். ஒரு கட்டத்தில், காயின் பச்சை நிறம் கெடாமல் இருக்க நல்ல வெயிலில் மூன்று நாள் காய வைக்க வேண்டும் என்றார். என் கை சல்லடையிலேயே நின்றுவிட்டது. வெயிலில் போட்டால் ஏலக்காய் வெளுத்துவிடும் என்பது எங்கள் மலையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பச்சை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் உலர்த்தும் கூடத்தில், வெளிச்சம் படாத அறையில், 50 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஏறக்குறைய ஓர் இரவும் ஒரு பகலும் வைத்து எடுக்கிறோம்.

அந்த நிமிடமே போனை அணைத்திருக்க வேண்டும். நானோ அவருக்காக நானே சமாதானம் தேடினேன். தோட்டக்காரர் இல்லையே, ஏற்றுமதிக்காரர்தானே, காய் உலர்த்துவது அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த விஷயத்தில் அவர் தவறியதை மன்னித்துவிட்டு, எனக்குத் தெரியாத விஷயங்களில் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தச் சோறு வேகவில்லை என்பது என் கைக்கே தெரிந்தும் பானையை இறக்கினேன்.

அவருடைய ஆறு வார வகுப்புக்கு 38,000 ரூபாய் கட்டினேன். கட்டும்போது திரையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடத்தில் விலை ஏறிவிடும் என்று போட்டிருந்தது. மறுவாரம் என் அக்கா மகன் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தான். அவனுக்கும் பதினைந்து நிமிடத்திலிருந்துதான் கடிகாரம் தொடங்கியது.

19 மே, பின்னிரவு

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்த வகுப்பில் ஐ.இ.சி. எண்ணும் (ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவருக்கு அரசு தரும் அடையாள எண்) ஜி.எஸ்.டி. பதிவும் இருந்தால் சரக்கை ஏற்றலாம் என்றார்கள். ஐ.இ.சி. வாங்கித் தருவதற்கு மட்டும் தனியாக 5,000 ரூபாய் வாங்கினார்கள். அதற்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை, நறுமணப் பொருட்களை ஏற்றுமதி செய்ய மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் பதிவுச் சான்று கட்டாயம் என்பதை ஆறு வாரத்தில் ஒரு முறைகூட அவர்கள் சொல்லவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கும் விதி அது. ஏலக்காயும் மிளகும் அனுப்பக் கற்றுத் தருகிறவருக்கு அது தெரியவில்லை என்றால், அவர் ஒரு மூட்டையும் அனுப்பியதில்லை என்றுதான் பொருள்.

21 மே

வாசகர் கேட்டிருக்கிறார்: "அவர் ஆண்டுக்கு 1 கோடி டர்ன்ஓவர் என்று வங்கிக் கணக்கின் படத்தையே காட்டுகிறார். அது பொய்யாக இருக்குமா?"

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தம்பி. கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால் 4 டன் ஏலக்காய் கைமாறினாலே 1 கோடி வந்துவிடும். புத்தடி, போடி ஏலக்கூடங்களில் காய் எடுக்கிற நடுத்தர வியாபாரிக்கு அது பெரிய அளவில்லை. அந்த 1 கோடியில் காய்க்குக் கொடுத்தது, தரம் பிரித்த கூலி, கழிவு, லாரி வாடகை, வட்டி எல்லாம் போக மிஞ்சியது என்ன என்பதுதான் கேள்வி. சில ஆண்டுகளில் எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. வரவை மட்டும் காட்டிச் செலவைக் காட்டாதவரிடம், செலவைக் காட்டுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய ஆண்டின் வெள்ளத்தில் செடிகள் அழுகிப் போனதும், பின்னால் வந்த வறட்சியும் சேர்ந்து வரத்தைக் குறைத்ததால் ஏறிய விலை அது. அந்த ஆண்டு கையில் காய் வைத்திருந்த எல்லோரும் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தோம், நானும் தெரிந்தேன். 2022-இல் அதே காய் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே போனது. ஆகவே ஏலக்காய்த் தொழிலில் யார் தன்னை நிபுணர் என்று சொன்னாலும், 2022-இல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் கேட்பேன். அந்த ஆண்டைப் பற்றிப் பேச அவரிடம் ஏதாவது இருந்தால் உட்கார்ந்து கேட்கலாம்.

24 மே

அவருடைய ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். 18 சதவீத வரி போட்டு வாங்குகிறவர் அந்த எண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம்: 32 என்றால் கேரளம், 33 என்றால் தமிழ்நாடு, 37 என்றால் ஆந்திரம். அதற்கடுத்த பத்து எழுத்துகள் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக நிற்கும் எழுத்து பி என்றால் தனிமனிதர், சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம்.

எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் கொடுத்தால் எந்தத் தேதியில் பதிவானது, இப்போது உயிரோடு இருக்கிறதா, கணக்குத் தாக்கல் செய்கிறாரா, எந்தச் சரக்கு அல்லது எந்தச் சேவை என்பதெல்லாம் காசில்லாமல் தெரியும். ஏலக்காயின் எச்.எஸ்.என். குறியீடு, அதாவது சரக்கை வகைப்படுத்தும் எண், 0908 என்று தொடங்கும். கல்விச் சேவைக்கு 9992. எனக்குக் கற்றுக் கொடுத்தவரின் எண்ணைப் பணம் போன பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 9992 மட்டும் இருந்தது. 12 வருட ஏற்றுமதி அனுபவம் என்று சொன்னவரின் பதிவுக்கு வயது ஏழு மாதம். கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தொடங்கிய தேதியையும் செலுத்திய மூலதனத்தையும் பார்க்கலாம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் அதற்கு மதிப்பெண் போட வேண்டாம். நாமே விவரம் நிரப்பி இலவசமாக எடுத்துக்கொள்ளும் பதிவு அது. என் கடைக்கும் இருக்கிறது.

25 மே

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒரே பான் எண்ணில் மாநிலத்துக்கு ஒன்றாகப் பல ஜி.எஸ்.டி. எண்கள் இருக்கலாம். சரக்கு ஒரு நிறுவனத்தின் பெயரிலும் வகுப்பு இன்னொரு நிறுவனத்தின் பெயரிலும் நடக்கலாம். அதனால் 0908 இல்லை என்பதாலேயே ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதியும் அதே தளத்தில் உண்டு. அதிலும் கிடைக்கவில்லை என்றால், எந்த நிறுவனத்தின் பெயரில் ஏற்றுமதி செய்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். உண்மையில் ஏற்றுமதி செய்கிறவர் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கமாட்டார்.

29 மே

இந்த நான்கு நாட்களாக என் பானைச் சோற்றுக் கணக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது முழுக்கச் சரியில்லை.

பணத்தை இழந்த மறு ஆண்டு, கொச்சியில் வில்லிங்டன் தீவில் சரக்கு அனுப்பித் தரும் சுங்க முகவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவருக்கும் காய் உலர்த்துவது தெரியாது. எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழு மில்லிமீட்டர் காயையும் கையில் கொடுத்தால் வித்தியாசம் சொல்லமாட்டார். என் முதல் கணக்கின்படி அவரையும் நான் தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஆனால் ஏற்றுமதி ஒரு பானை, காய் உலர்த்துவது இன்னொரு பானை. ஒன்றின் பதத்தை இன்னொன்றில் பார்க்கக் கூடாது.

அவரிடம் சவூதிக்கு அனுப்பும் காயில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அது எனிக்கு அறியில்ல" என்றார். பிறகு ஒரு தாளில் ஸ்பைசஸ் போர்டு ஆய்வகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து, மாதிரியை அங்கே கொடுத்துச் சோதித்துவிட்டு அந்த அறிக்கையோடு வந்தால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று என்னிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. சரக்கு ஏறும்போதுதான் கூலி என்றார்.

என் பயிற்சியாளரிடம் நேரலையில் லிட்டர் எடையைப் பற்றிக் கேட்டது இப்போது நினைவுக்கு வருகிறது. ஒரு லிட்டர் அளவுக்குள் எத்தனை கிராம் காய் நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஏலக்காய்க்கு விலை பேசுவார்கள். நல்ல பெருங்காய் 400 கிராமுக்கு மேல் நிற்கும். அவர் ஒரு நொடியும் யோசிக்காமல், "அதெல்லாம் வாங்குகிறவர் சொல்லிவிடுவார், நீங்கள் மனநிலையை மாற்றுங்கள்" என்றார். நூற்றுக்கணக்கானவர்கள் அதற்குக் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள்.

ஆகவே 19-ஆம் தேதி சொன்னதை இப்படி மாற்றிக்கொள்கிறேன். எல்லாம் தெரிந்திருக்கிறதா என்று ஒருவரைச் சோதிக்க வேண்டியதில்லை. தெரியாத கேள்வி வரும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்தக் கேள்வியை நாம்தான் கையில் கொண்டு போக வேண்டும், அதுவும் நமக்கு விடை தெரிந்த கேள்வியாக இருக்க வேண்டும்.

30 மே

வாசகர் மீண்டும்: "கற்றுக் கொடுத்துச் சம்பாதிப்பது தவறா அண்ணே? பள்ளி ஆசிரியரும் அப்படித்தானே பிழைக்கிறார்?"

நியாயமான கேள்வி. தவறே இல்லை. என் மகளின் கணக்கு வாத்தியார் எந்தக் கம்பெனிக்கும் கணக்கு எழுதவில்லை, அவர் சொல்லிக் கொடுப்பதில் குறையும் இல்லை. ஆனால் அவர் தன்னைப் பெரிய கம்பெனியின் கணக்கர் என்று சொல்லிக்கொண்டு பிள்ளை சேர்க்கவில்லை. என் பயிற்சியாளர் வகுப்பில் சம்பாதித்ததை ஏற்றுமதியில் சம்பாதித்ததாகக் காட்டி, அந்தப் படத்தை வைத்து மேலும் வகுப்பு விற்றார். என் ஆத்திரமெல்லாம் அதன்மேல்தான்.

பங்குச்சந்தையில் இதற்கு ஆவணமே இருக்கிறது. இணையத்தில் பாடம் நடத்திய ஒருவர் மீது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 அக்டோபரில் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. தன்னை லாபம் ஈட்டும் நிபுணராகக் காட்டிக்கொண்ட அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை தன் சொந்த வர்த்தகத்தில் சுமார் 2.89 கோடி ரூபாய் இழந்திருந்தார் என்றும், வகுப்புகளின் பெயரில் திரட்டிய 17.2 கோடி ரூபாயைத் தனிக்கணக்கில் கட்ட வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொன்னது. அங்கே செபி இருப்பதால் அவருடைய சொந்தக் கணக்கைத் திறந்து பார்க்க முடிந்தது. ஏற்றுமதி கற்றுக் கொடுக்கவோ தொழில் வழிகாட்டியாக இருக்கவோ யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை என்பதால், நம் பக்கத்தில் அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

2 ஜூன்

வென்றவர்களின் பேட்டிகளைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நான் சேர்வதற்கு முன் மூன்று பேரின் காணொளிகளைப் பார்த்தேன். சேர்ந்த பிறகு அவர்களில் ஒருவரின் எண் கிடைத்துப் பேசினேன். அவர் இதுவரை எதையும் அனுப்பவில்லை. ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. மறைக்காமல் சொன்னார், பாவம், அவருக்கும் கட்டிய பணத்தை எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கு அதில் ஆதாயம் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதென்றால் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்து அந்த இரண்டு ஆண்டையும் கடத்திவிட்டேன். வீட்டில் சொன்னதே போன வருடம்தான்.

3 ஜூன்

ஏலக்காய் விவசாயிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். இன்று இடுக்கியில் பெரும்பாலான தோட்டங்களில் நிற்பது ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகம். அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவர் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். விளைச்சலையே பல மடங்காக்கிய அந்தச் செடி, மேடையும் விளம்பரமும் இல்லாமல், பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்து, கன்று வாங்கிப் போய் நட்டு, அவருக்கும் காய்த்த பிறகு அடுத்தவர் கேட்டு என்று மலை முழுக்கப் பரவியது. எந்தத் தோட்டத்திலும் செடியின் அடியில் போய் நின்று சரத்தைத் தூக்கிப் பார்க்க முடிந்தது. நான்கு லட்சம் பேர் பின்தொடர்வதை நாம் அப்படித் தூக்கிப் பார்க்க முடியாது.

9 ஜூன்

வாசகர் நான் சொன்ன கேள்விகளைத் தன் பயிற்சியாளருக்கு அனுப்பி, வந்த பதிலை எனக்குக் காட்டினார். நான் எதிர்பார்த்தது போல அந்தப் பதில் இல்லை.

எண் 32-இல் தொடங்குகிறது. 2017 ஜூலையில், அதாவது ஜி.எஸ்.டி. வந்த மாதத்திலேயே பதிவாகியிருக்கிறது. 9992-உடன் 0904-உம் இருக்கிறது, அது மிளகின் குறியீடு. 2022-ஐப் பற்றிக் கேட்டதற்கு, அந்த ஆண்டு இரண்டே முறைதான் சரக்கு அனுப்பியதாகவும், ஒன்றில் வாங்கியவர் தரத்தைச் சொல்லி விலையைக் குறைத்ததில் நஷ்டம் என்றும் எழுதியிருக்கிறார். வாங்கியவரின் பெயரை மறைத்து, ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். துறைமுகம், எண், தேதி மூன்றையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் கொடுத்துப் பார்த்தோம். பில் இருக்கிறது.

லிட்டர் எடையைப் பற்றிய கேள்விக்கு, "ஏலக்காய் நான் அனுப்பியதில்லை, மிளகு மட்டும்தான். காயைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது.

முதல் நாள் இரவு பார்க்காமலேயே அவரை என் பழைய பயிற்சியாளரோடு சேர்த்துவிட்டேன். அது தவறு, எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏலக்காய் அனுப்பாதவர் ஏலக்காய் ஏற்றுமதி என்று தலைப்புப் போட்டு ஆள் சேர்ப்பது எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அதை அவருக்கும் எழுதுங்கள், தம்பி.

11 ஜூன்

கடைசியாக என்னதான் செய்வது என்று கேட்கிறீர்கள். 1,999 ரூபாய் வகுப்பில் சேருங்கள். கப்பல் ஆவணம், வங்கி வழியாகப் பணம் வாங்குவது, பணம் வராமல் போனால் இ.சி.ஜி.சி. காப்பீடு, இவையெல்லாம் மிளகுக்கும் காய்க்கும் ஒன்றுதான், அதை அவர் கற்றுத் தர முடியும். கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால் 65,000 ரூபாய்க்கு 26 கிலோ காய் வரும். அந்தப் பணம் அப்பாவிடமே இருக்கட்டும். ஏலம் நடக்கும் ஒரு நாளில் அவரோடு புத்தடி ஏலக்கூடத்துக்குப் போய், எந்தக் காயை யார் எதற்காக விலை ஏற்றிக் கேட்கிறார்கள் என்று நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். நானும் வருகிறேன்.

வகுப்பு மூன்றாம் நாள் முடிந்ததும், எந்தெந்தக் கேள்விக்கு அவர் தெரியாது என்று சொன்னார் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.